மார்லிஸின் பதினொன்று

வெர்னன் ட்ரெப்டோவின் ஆட்ட விதிப்புத்தகத்தைத் தூக்க இரண்டு கை வேண்டும். மார்லிஸ் குவாம் ஏழு வருஷமாக அதை ஒரு கையால் தள்ளி ஓரம் கட்டிவிட்டு, அதன் மேலேயே தன் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தாள். அட்டை முழுக்க வட்ட வட்டமாகக் காபிக் கறை. பார்க்கிறவர்கள் அவள் அந்தப் புத்தகத்தை எத்தனை தரம் புரட்டியிருந்தால் இப்படிக் கறை படிந்திருக்கும் என்று வியந்தார்கள். வெர்னனும் அப்படித்தான் வியந்தான், அந்த ஆள் எதற்குத்தான் வியக்கமாட்டான்.

மார்லிஸ் கெட்டில் கிரீக் மாவட்ட அலுவலகத்தில் உரிமச் சன்னலில் உட்காருகிறவள். மான் சுடவும், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கவும், நாய் வளர்க்கவும், கல்யாணம் கட்டவும் அந்தச் சன்னலுக்குத்தான் வரவேண்டும். நாய்க்கு ஒரு பக்கப் படிவம், கல்யாணத்துக்கு இரண்டு பக்கம். இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்ததில் அவளுக்கு எழுதிவைத்த எந்த விதியின் மீதும் மரியாதை இல்லாமல் போயிருந்தது. எழுதாத விதி மீதும் இல்லை. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் சீட்டாடுவார். சந்தேகம் வந்தால் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. "விதியெல்லாம் என் வயித்துக்குள்ள இருக்கு" என்று தொப்பையைத் தட்டிக் காட்டுவார். அந்த வயிறு எப்போதும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லும். பதினாலு வயதில் ஒருநாள் மார்லிஸ் கையிலிருந்த சீட்டையெல்லாம் மேஜையில் போட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனவள்தான், அப்புறம் அவரோடு ஆடவே இல்லை.

நாற்பது வயதில் அவள் புருஷன் டுவேன், பவுலிங் கூடத்தில் புள்ளி எழுதுகிற பெண்ணோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். அதற்காக அவள் அழவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் என்று ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மீன் பொரியலுக்கு ஊரே கூடும், ஞாயிறு தேவாலயம், நடுவில் இந்தச் சனி மட்டும் அவளைப் போட்டு வாட்டியது. அப்படியொரு சனிக்கிழமை கம்பளி நூல் வாங்க ஹாரியட்டின் கடைக்குப் போனாள். ஹாரியட் முன்பக்கம் நூலும் பொம்மை ரயிலும் விற்பாள். பின்னறையை யாராவது உபயோகப்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தாள். அங்கிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"படகு நகருது. தண்ணி தார் மாதிரி இருக்கு. நீ துடுப்ப மேல தூக்கற. அதுல யாரோட தலைமுடியோ சுத்திக்கிட்டு வருது."

மார்லிஸ் நூல் உருண்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். மேஜையைச் சுற்றி நாலு பேர். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போய், நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்கிறார்கள். நடந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். சின்னப் பிள்ளை விளையாட்டுத்தான். ஆனால் அந்தக் குரல் இருந்ததே, அதைக் கேட்க அவள் கால் வலிக்க நின்றாள்.

அப்போது மேஜையிலிருந்த ஒருவன், "நான் தண்ணில குதிக்கறேன்" என்றான். கதை சொன்னவன் சந்தோஷமாகப் புத்தகத்தைத் திறந்தான். சட்டையின் எடை பார்த்தான். தண்ணீரின் குளிர் பார்த்தான். காலையில் அந்த ஆள் என்ன சாப்பிட்டான் என்று பார்த்தான். நாற்பது நிமிஷம். குதிக்கிறேன் என்றவன் கொட்டாவி விட்டு, பக்கத்துக் கடையில் போய் சீஸ் கட்டி ஒரு பொட்டலம் வாங்கிவந்து, அது காலியாகும் வரை மென்று தீர்த்தான். அவன் தண்ணீரைத் தொட்டபாடில்லை.

அந்தக் கதைசொல்லிதான் வெர்னன் ட்ரெப்டோ. காகித ஆலையில் தாளின் கனம் அளக்கிற வேலை. வாயைத் திறந்தால் தேன், புத்தகத்தைத் திறந்தால் விளக்கெண்ணெய். ஆண்டவன் அவனுக்கு அப்படியொரு குரலைக் கொடுத்துவிட்டு, கூடவே அதைக் கெடுத்துக்கொள்ள ஒரு பேனாவையும் கொடுத்திருந்தான்.

அந்த மேஜையில் ஒரு வழக்கம். யாராவது ஒரு சந்தேகம் கிளப்பினால் வெர்னன் அதற்கொரு விதி எழுதி, எண் போட்டு, கிளப்பியவர் பெயரையும் சேர்த்து ஒட்டுவான். ஒட்டியதை ஒருநாளும் எடுக்கமாட்டான். விதி எண்பத்தெட்டு, மேஜையில் ஆடுகிற லிண்ட்னர் சகோதரர்களில் மூத்தவன்: ஈரக் கயிற்றில் கையுறையோடு ஏறுவது. விதி இருநூற்று மூன்று, இளைய லிண்ட்னர்: முட்டைக்கோஸ் தின்றுவிட்டுப் பதுங்கினால் சத்தம் கேட்குமா. இப்படியே நானூற்றுப் பன்னிரண்டு வரை போயிருந்தது. வேலை வெட்டியில்லாதவன் செய்கிற வேலை என்றால் மன்னிக்கலாம். அவனுக்கு வேலை இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

மார்லிஸ் அடுத்த சனிக்கிழமையே போய் உட்கார்ந்தாள். படகுக்காரி ஒருத்தியாக விளையாடினாள். மூன்றாவது வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ் வெர்னன், கணக்க எங்கிட்ட குடு. நீ கதையச் சொல்லு."

"உனக்குப் புரியாது மார்லிஸ். நெளிவு சுளிவெல்லாம் இருக்கு."

"நாயும் மானும் கல்யாணமும் ஒரே நாள்ல பதிஞ்சுக் குடுக்கறவய்யா நானு. குடு இப்படி."

வெர்னன் மூன்று கணக்குக் கொடுத்துச் சோதித்தான். மூன்றையும் சரியாகப் போட்டாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் புத்தகத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் என்று அன்றைக்கே நம்பிவிட்டான்.

கணக்கு கைக்கு வந்த முதல் மூன்று வாரம் நேர்மையாகத்தான் கணக்குப் போட்டாள். நாலாவது வாரம், வீணாய்ப்போன நாய் உரிம அட்டை ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் 11 என்று எழுதினாள். அவ்வளவுதான் அவள் விதிப்புத்தகம். பகடையில் பதினொன்றுக்கு மேலே விழுந்தால் நினைத்தது நடந்தது. கீழே விழுந்தால் நடக்கவில்லை. ஆளின் சட்டை எடையாவது மண்ணாவது.

ஆனால் நடிப்பில் குறை வைக்கவில்லை. புருவத்தைச் சுருக்குவாள். புத்தகத்தின் ஒரு ஓரத்தை விரலால் தூக்குவாள். உதட்டை அசைப்பாள். பென்சில் தாளில் ஓடும். ஓடுவதெல்லாம் மாடு வரைவதற்கு. அப்புறம் தலை நிமிர்ந்து, "நடந்துச்சு" என்பாள், இல்லையென்றால் "நடக்கல." வெர்னன் கண்ணை மூடித் தலையாட்டுவான். பகடையை மற்றவர்கள் பார்க்க முடியாது. எண்ணைப் பார்த்தால் சண்டை வரும் என்று, அதை ஆழமான பிஸ்கட் டப்பாவுக்குள் உருட்டவேண்டும், கணக்குப் போடுகிறவர் மட்டுமே எட்டிப் பார்க்கவேண்டும் என்பது விதி முப்பத்தொன்று. அந்த நானூற்றுச் சொச்சத்தில் மார்லிஸ் பயபக்தியோடு கடைப்பிடித்தது அந்த ஒன்றைத்தான்.

மேஜை தழைத்தது. கதை ஓடியது. வெர்னனுக்குப் புத்தகத்தைத் திறக்க வேலையில்லாததால் அவன் குரல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சில சனிக்கிழமைகளில் ஹாரியட்டே கடையை விட்டுவிட்டு வாசற்படியில் நின்று கேட்பாள். இது வெளியே தெரிந்தால் வெர்னன் மேஜையை மடித்துவிடுவான் என்று மார்லிஸுக்குத் தெரியும். மேஜை போனால் சனிக்கிழமை போயிற்று. அவளுக்கு வாரத்தில் இருந்தது அந்த நாலு மணி நேரம்தான். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வாயைத்தான் மூடினாளே தவிர இளக்காரத்தை மூடவில்லை. ஹாரியட்டிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்.

"ஏழு பேரு செய்யற முட்டாள்தனத்த ஒருத்தனே செஞ்சு, அதுக்குப் பக்க எண்ணும் போட்டு வச்சிருக்கான்டி."

மேஜையில் நாலாவது ஆள் கார்டி ஷிமான்ஸ்கி. பால் வண்டி ஓட்டுகிறவன். மாடு மாதிரி உடம்பு, மாடு மாதிரியே குணம். அவன் ஆஸ்வின் என்று ஒரு வீரனாக நாலு வருஷம் ஆடினான். பழைய பால் கேனின் மூடியைத் தட்டி அந்த வீரனுக்கு ஒரு கேடயம் செய்து, ஆட்டத்தின்போது மடியில் வைத்துக்கொள்வான். மூன்று வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை, இடிந்த பாலம் ஒன்றை ஆஸ்வின் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டவேண்டி வந்தது. கார்டி பகடையை டப்பாவுக்குள் உருட்டினான். மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். வழக்கத்தை விடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பக்கத்தைப் புரட்டினாள்.

"நடக்கல கார்டி," என்றாள்.

வெர்னன் அந்தச் சாவைச் சொன்ன விதம் இருக்கிறதே, குழந்தையை அக்கரையில் வீசிவிட்டு ஆஸ்வின் கீழே போனதை அவன் சொன்னபோது லிண்ட்னர் சகோதரர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கார்டி எழுந்து போய்ப் பால் வண்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து, ஆட்டம் முடிந்ததும் தின்ன வைத்திருந்த சாசேஜ் இறைச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"விதின்னா விதிதான். யாரா இருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்."

வெர்னன் ஆஸ்வினின் பலமும் குணமும் எழுதிய தாளைச் சட்டம் போட்டு ரயில் பொம்மைகளுக்கு மேலே மாட்டினான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக் கதை அளப்பான். இத்தனை விதியும் சேர்ந்து, மேஜையிலேயே ரொம்ப நல்ல மனுஷனைக்கூட விடவில்லை பாருங்கள், நியாயம் என்றால் இது நியாயம் என்பான். அப்போதெல்லாம் மார்லிஸ் மாடு வரைவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வெர்னனுக்குப் புத்தகத்தை அச்சில் பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்து தொலைத்தது. மில்வாக்கியில் ஒரு சின்ன விளையாட்டுக் கம்பெனிக்கு நகலெடுத்து அனுப்பினான். தபால்காரன் பாவம். கம்பெனியிலிருந்து ஹோவர்ட் பெல் என்பவர் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பதாகப் பதில் வந்தது. வெர்னன் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தான்.

"உன்ன நம்பித்தான் இருக்கேன் மார்லிஸ்," என்றான். "அவரு உன் கணக்கத்தான் பாக்கப்போறாரு."

 அன்றிரவு அவள், தலைவலி என்று சொல்லிப் போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தாள். போகாவிட்டால் வெர்னனே கணக்குப் போடுவான், நாலு மணி நேரத்தில் கதை அது தொடங்குகிற சத்திரத்து வாசற்படியைக்கூடத் தாண்டாது, மில்வாக்கிக்காரர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். போனால் மாட்டிக்கொள்ளலாம். கடைசியில் போனாள்.

ஹோவர்ட் பெல் ஒல்லியான ஆள். காலில் பனி ஒட்டியிருந்த மெல்லிய நகரத்து ஷூ. இந்தக் குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்ததிலேயே அவர் புத்தி தெரிந்தது. வெர்னன் டை கட்டியிருந்தான். கார்டியின் மனைவி ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுப் பலகாரம் சுட்டு அனுப்பியிருந்தாள். பெல் ஒரு திருடனாக ஆடினார். மணிக்கூண்டில் ஏறினார், கயிற்றில் தொங்கினார், பாதிரியாரின் மோதிரத்தைக் கழற்றினார். ஒவ்வொரு தரமும் டப்பாவுக்குள் பகடை உருண்டது. மார்லிஸ் உதட்டை அசைத்தாள். நடந்துச்சு, நடக்கல, நடந்துச்சு. மூன்று மணி நேரத்தில் ஒரு முழுக்கதை முடிந்தது. பெல் நாற்காலியில் சாய்ந்தார்.

"நெறைய மேஜையில ஒக்காந்திருக்கேன் வெர்னன். இத்தன கனமான புத்தகம் இவ்ளோ வேகமா ஓடி நான் பாத்ததே இல்ல. இந்தம்மா எப்படிப் போடறாங்கன்னு கொஞ்சம் பாக்கலாமா?"

"காட்டு மார்லிஸ்," என்றான் வெர்னன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அப்படியொரு பெருமை.

"என் கிறுக்கல் எனக்கே புரியாது. விடுங்க."

"அட, கூச்சப்படறா." வெர்னனே எட்டிக் கோப்பையை நகர்த்தித் தாளை உருவினான். மாடு. கொம்புள்ள மாடு, கொம்பில்லாத மாடு, சாணி போடுகிற மாடு. தாளைத் திருப்பினான், அந்தப் பக்கமும் மாடுதான். தாளுக்கடியிலிருந்து நாய் உரிம அட்டை மேஜையில் விழுந்தது.

"என்ன இது, பதினொண்ணு?"

 பயந்துகொண்டே ஏழு வருஷம் சுமந்ததாலோ என்னவோ, மார்லிஸுக்குப் பயத்துக்குப் பதில் கோபம் வந்தது.

"அதான் கணக்கு. மேல விழுந்தா நடந்துச்சு, கீழ விழுந்தா நடக்கல. ஏழு வருஷமா அதான். உன் புத்தகத்துக்கு நான் குடுத்த வேலை காபிக் கோப்பையத் தாங்கறதுதான். முட்டைக்கோஸ் தின்னவன் சத்தத்துக்கு விதி எழுதற ஆளு நீ. உன் கதைய இந்த அட்டதான்யா காப்பாத்துச்சு."

பெல் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடி சிரித்தார். "வெர்னன், தப்பா எடுத்துக்காதீங்க. கதைய நான் எடுத்துக்கறேன். புத்தகம் வேணாம். இந்த அட்ட போதும்."

 வெர்னன் டையை அவிழ்த்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் கடிதத்தோடு வைத்தான். மார்லிஸுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. ஜெயித்துவிட்டாள். இனி மேஜையை மடிக்கமாட்டான், புத்தகத்தைத்தான் மடிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

"மார்லிஸ்," என்றான் கார்டி. "ஆஸ்வினுக்கு என்ன விழுந்துச்சு?"

ஒன்பது என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முந்தைய பகடையை யார் தோண்டியெடுக்கப்போகிறார்கள். ஆனால் பகடையில் விழுந்த எண்ணை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. அந்த அட்டைக்கு அவள் துரோகம் செய்ததில்லை. அவள் கௌரவமெல்லாம் அதில்தான் இருந்தது.

"பதினொண்ணு," என்றாள்.

வெர்னன் தலை நிமிர்ந்தான். "மேல விழுந்தா நடந்துச்சு, கீழ விழுந்தா நடக்கல. பதினொண்ணே விழுந்தா?"

"அதெல்லாம் அப்பப்பப் பாத்துக்குவேன்."

"இருபது மொகம். இருபதுக்கு ஒரு தடவ அது விழும். ஒரு மதியத்துக்கு ரெண்டு மூணு தடவ. ஏழு வருஷமா என்ன பாத்த?"

"அன்னிக்கு என்ன பாத்த, அத மட்டும் சொல்லு," என்றான் கார்டி. அவன் குரல் உயரவே இல்லை.

மார்லிஸ் காபிக் கோப்பையைப் பார்த்தாள். "மணி அஞ்சரை ஆயிடுச்சு. சாசேஜ் ஆறிட்டிருந்துச்சு. அவன் விழுந்தா கதைக்கும் எடுப்பா இருக்கும்னு தோணுச்சு."

இளைய லிண்ட்னர் பலகாரத்தைக் கீழே வைத்தான். "போன நவம்பர்ல உன் படகுக்காரி பனிக்கட்டி ஒடைஞ்சு உள்ள போனாளே. பொழச்சு வந்தா இல்ல? அன்னிக்கு உனக்கு என்ன விழுந்துச்சு?"

 அவள் காது சிவந்தது. அப்பாவின் தொப்பையும் அதைத் தட்டுகிற கையும் நினைவுக்கு வந்து, வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கும் பதினொன்றுதான். படகுக்காரி கரையேறிவிட்டாள் என்று அன்றைக்கு அவள் ஒரு நொடிகூடப் பக்கம் புரட்டாமல் சொல்லியிருந்தாள்.

கார்டி எழுந்து முன்கடைக்குப் போனான். ரயில் பொம்மைகளுக்கு மேலே எம்பிச் சட்டத்தைக் கழற்றினான். கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து அக்குளில் வைத்துக்கொண்டான். திரும்பி வந்து பால் கேன் மூடியை எடுத்தான். தன் பகடையை டப்பாவிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேற யாரா இருந்தாலும் இதேதான்னு நெனச்சிருந்தேன் மார்லிஸ்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். லிண்ட்னர் சகோதரர்களும் கோட்டை மாட்டினார்கள். பெல், தன் காரில் பனி படிந்திருக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு நழுவினார். அட்டையை எடுத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

வெர்னன் விதிப்புத்தகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தான். காபி வட்டங்களை விரலால் ஒருமுறை தடவினான். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளைத் திறந்து, நானூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு, பக்கத்தில் மார்லிஸ் குவாம் என்று எழுதினான். இத்தனை வருஷத்தில் அவள் பெயர் அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

"பதினொண்ணு விழுந்தா என்னன்னு சொல்லு," என்றான். "எழுதிக்கறேன்."

வெளியே பால் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது.

"நடந்துச்சுன்னு எழுது," என்றாள் மார்லிஸ். வெர்னன் எழுதினான்.